முற்றுப்புள்ளிக்கு அடுத்த எழுத்து

"அனுப்பியே தொலைச்சுட்டீங்களா?"

லேஅவுட் அம்மா போட்ட சத்தத்தில் அடுத்த அறையில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். கேப்பிடல் சார் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டு மறைக்கப் பார்த்தார். அந்த அம்மாள் விடவில்லை. பிடுங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, இன்னொரு தடவை படித்தாள்.

சாரின் மனைவி தூரதேசத்திலிருந்து அன்று காலை அனுப்பிய செய்தி இது: "ரொம்பக் களைப்பாக இருக்கிறது. எப்போது என்னை வீட்டுக்கு வரச் சொல்லப்போகிறீர்கள்"

அதற்கு அவர் அனுப்பியிருந்த பதில் இது: "முற்றுப்புள்ளிக்கு அடுத்தது பெரிய எழுத்து. 'எப்போது' என்று தொடங்கினால் அது கேள்வி. ஆகவே கடைசியில் கேள்விக்குறி வேண்டும். எடுத்துக்காட்டு: குழாய் இன்னும் சொட்டுகிறது. பிளம்பர் எப்போது வருவார்? மற்றபடி நன்று."

"அந்தப் பொண்ணு மனசு விட்டு எழுதியிருக்கு சார். இதுல குழாய் எங்கிருந்து வந்துச்சு?"

"அது எக்ஸாம்பிள் மேடம். வெறும் விதியை மட்டும் சொன்னா மனசுல நிக்காது. ரெண்டாவது வாக்கியம் பெரிய எழுத்துல ஆரம்பிக்குது பாருங்க."

"ரொம்ப நல்லா ஆரம்பிச்சுது, போங்க!" என்று கைபேசியை மேசைமேல் வைத்தாள். "இதுக்கு அப்புறம் ஏதாவது பதில் வந்துச்சா?"

"'ஓகே'ன்னு வந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"ஓகேவுக்கு அப்புறம் முற்றுப்புள்ளிகூட வைக்கலை" என்றார் சார் வருத்தத்தோடு.

இங்கே நான் ஒன்று சொல்லிவிட வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் எழுதிக்கொண்டது எல்லாம் ஆங்கிலத்தில். உங்கள் சௌகரியத்துக்காகத் தமிழில் தருகிறேன். நம் பாஷையில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்கிற வம்பே கிடையாது. 'அ' என்றால் எங்கே வந்தாலும் அதே 'அ'தான், யார் வந்தாலும் எழுந்து நிற்காது. ஆங்கிலம் அப்படியா? முற்றுப்புள்ளி வந்தால் அடுத்த எழுத்து நிமிர்ந்து நிற்க வேண்டும். கமா வந்தால் குனிய வேண்டும். கேள்விக்குறிக்கு நிமிர வேண்டும், செமிகோலன் என்கிற அரைப்புள்ளிக்குக் குனிய வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் கேப்பிடல் சாருக்கு நெஞ்சை அடைக்கும். பள்ளிக்கூட ஆங்கிலப் புத்தகங்கள் போடும் அந்தப் பதிப்பகத்தில் பிழை திருத்துவதுதான் அவர் உத்தியோகம். பக்கம் அமைக்கிற லேஅவுட் அம்மாதான் அவருக்கு இந்தப் பெயரை வைத்தாள். வைத்தபிறகு அவருடைய சொந்தப் பெயரை அலுவலகமே மறந்துவிட்டது.

மனைவி ஒரு பெரிய ஓட்டலில் அறைகளைக் கவனிக்கும் பிரிவுக்கு மேற்பார்வையாளர். வேலையில் கெட்டிக்காரி. அந்த ஓட்டலுக்குப் பல நாடுகளில் கிளை உண்டு. புதிதாகத் திறந்த ஒரு கிளைக்கு அவளை ஒரு வருஷம் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். "போகட்டுமா?" என்று கேட்டாள். "ம்" என்றார் சார். அந்த 'ம்'முக்கு உள்ளே எவ்வளவு 'வேண்டாம்' இருந்தது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

பெட்டி கட்டும்போதுதான் அவள் அந்த யோசனையைச் சொன்னாள்.

"என்னங்க, என் இங்கிலீஷ் ரொம்ப மோசம். அங்க போய் மானம் போகக்கூடாது. நான் தினமும் இங்கிலீஷ்ல எழுதறேன். நீங்க திருத்தி அனுப்புங்க. சரியா?"

கல்யாணம் ஆன நாளாக ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குள் எழுதிக்கொள்ள வேலை ஏது? அவள் ஆங்கிலம் எப்படி என்று சாருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் திருத்துவது என்றால் அவருக்கு உயிர். "அதுக்கென்ன, திருத்திட்டாப் போச்சு!" என்றார். அவள் ஊருக்குப் போகிற துக்கத்தில்கூட அவர் முகம் ஒரு நொடி பிரகாசமாகிவிட்டது.

போனில் பேசக்கூடாதா என்று கேட்பீர்கள். பேசினார்கள். எப்படி என்று கேளுங்கள்.

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

"வேலை எப்படி இருக்கு?"

"ம். இருக்கு."

"நான் இல்லாம வீடு எப்படி இருக்கு?"

"இருக்கு."

"சரி, வெச்சுடட்டுமா?"

"ம்."

வைத்தபிறகு கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நிற்பார். சொல்ல நினைத்ததெல்லாம் அப்போதுதான் வரிசையாகத் தொண்டைக்கு வரும். ஆனால் திருத்தும்போது மட்டும் மனிதர் வாய்க்குப் பூட்டு கிடையாது. பக்கம் பக்கமாக எழுதுவார். ஒவ்வொரு விதிக்கும் எடுத்துக்காட்டு கொடுப்பார். "கமாவுக்கு அடுத்தது சின்ன எழுத்து. எடுத்துக்காட்டு: இரண்டு டம்ளரைக் கழுவி வைக்கிறேன், ஒன்றில்தான் குடிக்கிறேன்." "வியப்புக்குறிக்குப் பிறகு பெரிய எழுத்து. எடுத்துக்காட்டு: என்ன மழை! உன் செடிகளை உள்ளே எடுத்து வைத்தேன்." இதெல்லாம் இலக்கணம் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வருஷம் முடியப்போகிறது. அவள் திரும்பி வரவேண்டிய நேரத்தில் அந்த ஓட்டல்காரர்கள் இன்னும் இரண்டு வருஷம் இருந்துவிடச் சொன்னார்கள். இருப்பதானால் மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். "என்ன செய்யட்டும்" என்று அவள் எழுதிக் கேட்டபோதும் சார் கேள்விக்குறியைத்தான் போட்டு அனுப்பினார்.

ஆசை இல்லாமல் இல்லை. ஆசைதான் ஆளைத் தின்றது. அலமாரியைத் திறந்தால் அவள் பக்கம் காலியாக இருக்கும்; அவர் தன் சட்டைகளை நெருக்கி நெருக்கி வைத்துக்கொள்வாரே தவிர அந்தப் பக்கம் ஒரு கைக்குட்டைகூட வைக்க மாட்டார். கதவைப் பூட்டும்போது அவள் ஏதோ ஒரு பாட்டை முனகுவாள். இப்போது கதவைப் பூட்டினால் பூட்டுச் சத்தம் மட்டும் கேட்கிறது. மனசு அவளைத் தேடாத நேரம் இல்லை. ஆனால் 'வா' என்று எப்படிச் சொல்வது? அவள் ஆசைப்பட்டுப் போன வேலை. தானாக வருகிறேன் என்று அவளே சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நாம் கூப்பிட்டால் கையைப் பிடித்து இழுத்த மாதிரி ஆகிவிடாதா?

"அந்தப் பொண்ணு வாயைத் திறந்து, 'எப்போ வரச் சொல்லப்போறீங்க'ன்னு கேட்டாச்சு. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?" என்றாள் லேஅவுட் அம்மா.

"அதைத்தான் நான் கவனிக்கலை மேடம். சின்ன எழுத்து கண்ணை மறைச்சிடுச்சு."

"இன்னிலேர்ந்து ஒரு திருத்தமும் கிடையாது. புரியுதா? அது என்ன எழுதினாலும் 'ரொம்ப நல்லா இருக்கு'ன்னு போடுங்க. பொண்டாட்டி கண்ணீர் விட்டா அதுலயும் ஒற்றுப்பிழை பார்க்கிற ஆளுகிட்ட எவ திரும்பி வருவா?"

இந்த ஒரு வாக்கியம் போதும் சாருக்கு. அன்றைக்கே சபதம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஒரு நீளமான செய்தி வந்தது. ஓட்டலில் நடந்த ஒரு கூத்தைப் பற்றி எழுதியிருந்தாள். சார் படித்தார். படிக்கப் படிக்க அவருக்கு வியர்த்தது. முற்றுப்புள்ளிக்குப் பின்னால் சின்ன எழுத்து. கமாவுக்குப் பின்னால் பெரிய எழுத்து. அரைப்புள்ளிக்குப் பின்னால் ஒன்று பெரியது, ஒன்று சின்னது. மேற்கோளுக்குள் ஆரம்பிக்கிற வாக்கியம் தலையைக் குனிந்துகொண்டு ஆரம்பித்தது. ஒரே பத்தியில் இத்தனை தினுசுத் தப்பை அவர் தன் உத்தியோகத்திலேயே பார்த்ததில்லை. பாவம், படிக்க வசதியில்லாமல் போய்விட்டது அவளுக்கு என்று நினைத்து மனசு இளகிவிட்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்று அனுப்பினார். அனுப்பிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

"ஒன்றும் இல்லையா" என்று பதில் வந்தது. கேள்விக்குறி இல்லை. வாக்கியமும் சின்ன எழுத்தில் ஆரம்பித்தது.

"ஒன்றும் இல்லை. அருமை" என்று எழுதினார் சார்.

அடுத்த நாள் செய்தி பாதியாகக் குறைந்தது. தப்பு இரட்டிப்பாகியது. "அருமை" என்றார். அதற்கு அடுத்த நாள் மூன்றே வரி. எல்லாம் சின்ன எழுத்து, ஒரு புள்ளிகூட இல்லை. "மிக மிக அருமை" என்றார்.

அடக்கி வைத்தது எங்கே போகும்? வேறு பக்கம் பீறிட்டுக்கொண்டு வந்தது. மருந்துக்கடையில் தொங்கிய அட்டையைக் காட்டி, "இதுல கமாவுக்கு அப்புறம் பெரிய எழுத்து வந்திருக்கே" என்று சண்டைக்குப் போனார். மருந்துக்கடைக்காரர், "சார், உங்களுக்கு என்ன மாத்திரை வேணும், அதைச் சொல்லுங்க" என்றார். முடிவெட்டப் போன இடத்தில் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"ஆடாதீங்க சார், காது போயிடும்."

"அந்தக் கேள்விக்குறிக்கு அப்புறம் சின்ன எழுத்து போட்டிருக்காங்களே..."

"இருந்துட்டுப் போகட்டும் சார். உங்களுக்கு இருக்கறது ரெண்டே காது."

அந்த வார ஞாயிற்றுக்கிழமை சாரின் அக்கா வந்தாள். தம்பி இளைத்துப்போய்விட்டான் என்று யாரோ சொல்லக் கேட்டு வந்தவள். வந்ததும் சமையலறையைப் பார்த்தாள், தம்பியின் முகத்தைப் பார்த்தாள், கைபேசியைக் கேட்டாள்.

"என்னடா இது, 'அருமை', 'மிக அருமை', 'மிக மிக அருமை'? பொண்டாட்டிக்கு எழுதறியா, பரீட்சைப் பேப்பருக்கு மார்க் போடறியா?"

"திருத்தக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க அக்கா."

"திருத்தாட்டி இப்படியா? கொஞ்சம் ஆசையா, அன்பா எழுத வேண்டாமா? இப்படிக் கொடு."

"அக்கா, வேண்டாம்..."

அக்கா ஒன்றைக் கையில் எடுத்தால் யார் தடுக்க முடியும்? சின்ன வயசில் அவருக்குத் தலை வாரிவிட்டதே அவள்தான், அப்போதும் அவர் பேச்சைக் கேட்டதில்லை. கட்டைவிரலால் குத்தோ குத்தென்று குத்தி அனுப்பினாள். சார் எட்டிப் பார்த்தார். "என் உயிரே உன் நினைவால் உருகுகிறேன் உறக்கமில்லை" என்று ஒரு வரி. அதற்குக் கீழே ரோஜாப்பூக்கள், இதயங்கள், நடுவில் ஏனோ ஒரு வாத்து. வரி முழுக்கச் சின்ன எழுத்து. மருந்துக்கு ஒரு கமா இல்லை.

கேப்பிடல் சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பக்கமிருந்து உடனே பதில் வந்தது. "யார் இது"

"பார்த்தியா, வெட்கப்படறா!" என்றாள் அக்கா.

சார் பதறிப்போய்க் கைபேசியை வாங்கி, "நான்தான். உன் கணவன்" என்று இரண்டு வாக்கியமாக, இரண்டுக்கும் பெரிய எழுத்துப் போட்டு அனுப்பினார்.

பிறகு பதில் வந்தது. "அப்படியா. சரி போன செய்தியில் நான் செய்த தப்பு என்னென்ன"

சார் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தப்பு அவருக்கு வரிசைக்கிரமமாகத் தெரியும். கனவில்கூடச் சொல்லுவார். இந்தக் கேள்வியிலேயே மூன்று இருக்கிறது. விரல் எழுத்துப் பலகைக்குப் போனது. அதற்குள் லேஅவுட் அம்மாவின் முகம் கண்முன் வந்தது. 'எவ திரும்பி வருவா?' இது சோதனை! நான் மாறிவிட்டேனா என்று பார்க்கிறாள்! உடம்பில் இருந்த வைராக்கியம் அத்தனையும் திரட்டி எழுதினார்.

"ஒரு தப்பும் இல்லை. எல்லாம் அருமை."

"சபாஷ்டா தம்பி!" என்றாள் அக்கா.

அதற்கு அப்புறம் அவளிடமிருந்து செய்தியே வரவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. கூப்பிட்டால், "டியூட்டில இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்தாலாவது பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. சார் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, அவளுடைய பழைய செய்திகளையெல்லாம் முதலிலிருந்து படித்தார். இந்தத் தடவை எழுத்தைப் பார்க்காமல், அவள் சொன்னதைப் படித்தார். கால் வலிக்கிறது என்று எழுதியிருந்தாள். உங்கள் இருமல் சத்தம் கேட்காமல் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தாள். தான் இதற்கெல்லாம் என்ன பதில் போட்டோம் என்று பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அழுகை வந்தது. யாரும் இல்லாததால் அழுதார்.

அழுது முடித்து, முகம் கழுவி, ஒரு முடிவோடு உட்கார்ந்தார். யார் பேச்சையும் கேட்பதில்லை. சொல்ல வேண்டியதைத் தானே எழுதிவிடுவது. ஒரே வாக்கியம்.

"நான் சொல்ல நினைப்பது ஒன்றே ஒன்றுதான்: வீட்டுக்கு வந்துவிடு."

எழுதிவிட்டார். படித்தார். நன்றாகத்தான் இருந்தது. அனுப்பப்போன விரல் நின்றுவிட்டது.

அந்த இரண்டு புள்ளி. ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கிற அந்தக் கோலன். அதற்கு அடுத்த எழுத்து பெரியதா, சின்னதா? முழு வாக்கியம் வந்தால் பெரியது என்று ஒரு கட்சி. என்ன வந்தாலும் சின்னது என்று இன்னொரு கட்சி. இரண்டுக்கும் விதிப்புத்தகம் இருக்கிறது. வேறு எந்த வாக்கியமாக இருந்தாலும் ஏதோ ஒன்றைப் போட்டுத் தொலைக்கலாம். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மனைவியை வா என்று கூப்பிடுகிற வாக்கியத்தில் தப்பு இருக்கலாமா?

காலையில் அலுவலகத்துக்குப் போனதும் சீனியரிடம் மெதுவாகக் கேட்டார். "சும்மா ஒரு சந்தேகம். கோலனுக்கு அப்புறம் முழு வாக்கியம் வந்தா?"

"சின்ன எழுத்து. இதுல என்ன சந்தேகம்?" என்றார் சீனியர்.

அடுத்த மேசையிலிருந்து ஒருவர் தலையைத் தூக்கினார். "அது எப்படி? முழு வாக்கியம்னா பெரிய எழுத்துதான். மூணாம் வகுப்புப் புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கோம்."

"அஞ்சாம் வகுப்புல சின்ன எழுத்து போட்டிருக்கோமே!"

அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மூன்றாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் எடுத்துப் புரட்டினார்கள். நான்காம் வகுப்பில் இரண்டு மாதிரியும் இருந்தது. விஷயம் எடிட்டர் காதுக்குப் போனது. எடிட்டர் முகம் வெளுத்துப்போய் எல்லோரையும் கூட்டம் போட்டார். சின்ன எழுத்துக் கட்சி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தது, பெரிய எழுத்துக் கட்சி கதவுப் பக்கம் உட்கார்ந்தது. டீ வந்தது, ஆறியது. "இத்தனை வருஷமா பிள்ளைங்களுக்கு என்னத்தய்யா சொல்லிக்கொடுத்தோம்?" என்று எடிட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்த நாளாக எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்ட இரண்டு பேர் அன்று மதியம் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்த லேஅவுட் அம்மா சாரை மடக்கினாள்.

"உண்மையைச் சொல்லுங்க. எந்த வாக்கியத்துக்காக இந்த ரகளை?"

சார் கைபேசியை நீட்டினார். அம்மாள் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்புறம்தான் கத்தினாள்.

"இதை அனுப்பாமலா ஊரைக் கூட்டி வெச்சிருக்கீங்க? முன்னாடி இருக்கறதை எல்லாம் அடிச்சிட்டு 'வா'ன்னு ஒரு வார்த்தை போட்டா முடிஞ்சு போச்சே சார்!"

"மொட்டையா இருக்காதா மேடம்?"

"இருந்தா இருக்கட்டும்! அனுப்புங்க முதல்ல!"

அவர் விரலை வைக்கப்போன நேரத்தில் கைபேசி சிணுங்கியது. மனைவியிடமிருந்துதான்.

"கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னும் இரண்டு வருஷம் இங்கேதான். உங்களுக்கு நான் எழுதுவதைப் படிக்க நேரம் இல்லை என்று தெரிந்துகொண்டேன்; அதில் வருத்தமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

கேப்பிடல் சார் அதை மூன்று தடவை படித்தார். முற்றுப்புள்ளிகளுக்குப் பின்னால் பெரிய எழுத்துகள். அரைப்புள்ளிக்குப் பின்னால் சின்ன எழுத்து. எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. தொலைந்த சாவியைத் தேடுகிறவர் மாதிரி ஒரே ஒரு தப்பாவது கிடைக்காதா என்று தேடினார். இல்லை. திருத்த ஒன்றுமே இல்லை.

"தேறிட்டா மேடம்" என்றார். "முழுசாத் தேறிட்டா. இனிமே நான் எதுக்கு அவளுக்கு?"

சார் மாடிப்படிக்கு ஓடினார். படியில் உட்கார்ந்து மனைவியின் எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ, அக்கா டியூட்டிக்குப் போயிட்டாங்க. போன் இங்க சார்ஜ்ல கிடக்கு. நான் ரூம்ல கூட இருக்கற பொண்ணு. நீங்க?"

"நான் அவ வீட்டுக்காரர்மா."

"அண்ணாவா! நீங்க போன்ல பேசவே மாட்டீங்கன்னு அக்கா சொல்லுவாங்களே."

"பேசறேன்மா" என்றார் சார். பேசினார். எங்கிருந்துதான் வந்ததோ, நிறுத்தவே இல்லை. "அவளை வரச் சொல்லும்மா அந்தப் பேப்பரை வாங்கிக் கிழிச்சுப் போடச் சொல்லு எனக்கு அவ இல்லாம முடியலை வீட்டுக்குள்ள போகவே பிடிக்கலை அலமாரியில அவ பக்கம் அப்படியே வெச்சிருக்கேன் ரெண்டு வருஷம் எல்லாம் என்னால ஆகாது நான் கூப்பிட்டேன்னு சொல்லு நான் வா வான்னு கூப்பிட்டேன்னு சொல்லு..." அந்தப் பேச்சில் முற்றுப்புள்ளியும் இல்லை, கமாவும் இல்லை. மூச்சு முட்டித்தான் நின்றார்.

"அண்ணா, பேப்பர் இன்னும் குடுக்கலை. கையெழுத்துப் போட்டு இங்க கட்டில் மேலதான் வெச்சிருக்காங்க. டியூட்டி முடிஞ்சு வந்து எடுத்துட்டுப் போறேன்னு சொன்னாங்க. நான் இப்பவே எடுத்து ஒளிச்சு வெச்சுடறேன்."

"வெச்சுடும்மா. நீ நல்லா இருப்பே." சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இனி ஒரு தப்பும் நேரக்கூடாது, எல்லாவற்றையும் சரிசெய்துவிட வேண்டும் என்று தோன்றியது. "இன்னொண்ணும் சொல்லும்மா. இனிமே அவ எழுதறதுல நான் கையே வைக்க மாட்டேன். எத்தனை தப்பு இருந்தாலும் சரி, ஜென்மத்துக்கும் திருத்த மாட்டேன்னு நான் சத்தியம் பண்ணினதாச் சொல்லு."

"ஐயையோ, அதை மட்டும் சொல்லிடாதீங்க அண்ணா!" என்று அந்தப் பெண் பதறினாள். "இந்த ஓட்டல்லேர்ந்து வெளிய போற இங்கிலீஷ் லெட்டர் எல்லாத்தையும் திருத்தறதே அக்காதான், உங்களுக்கு எழுதும்போது மட்டும்தான் எங்க யாரையும் பேசவிடாம உக்காந்து, ஒவ்வொரு தப்பா யோசிச்சு யோசிச்சுப் போடுவாங்க."